ஓட்டையில்லாத பதக்கம்

பெல்ஃபோர்ட் பதக்கச் சங்கத்தில் மொத்தம் பன்னிரண்டு நாற்காலிகள். ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். என் புருஷன் ஆர்மண்ட் நான்கு வருஷமாக ஒரு சாவுக்குக் காத்திருந்தான். கெட்டவன் இல்லை. இன்னார் சாகவேண்டும் என்று நினைத்ததில்லை. ஆனால் காலையில் பேப்பர் வந்ததும் இறப்புச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவான்.

சங்கம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்பிரிட்ஜ் டட்டில் வீட்டுச் சாப்பாட்டு அறையில் கூடும். டட்டில்தான் தலைவர். அவர் அப்பாவும் தலைவர், அவர் தாத்தாவும் தலைவர். அவர்கள் குடும்பத்து ஷூ தொழிற்சாலையில் என் அம்மா இருபத்திரண்டு வருஷம் தையல் மிஷின் மிதித்தாள். அவள் பெயர் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் அடித்த ஒரு பதக்கத்தின் அச்சு எந்த இடத்தில் விரிசல் விட்டது என்று கேட்டால், டட்டில் தூக்கத்திலிருந்து எழுந்தும் சொல்வார்.

இந்த நாடு பிறந்த முதல் ஐம்பது வருஷத்தில் அடித்த பதக்கங்கள் மட்டுமே அவர்களுக்குப் பதக்கம். ஜெயித்த சண்டைக்கு ஒன்று, மூழ்காமல் தப்பிய கப்பலுக்கு ஒன்று, செத்த தலைவருக்கு ஒன்று. சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது பற்றி அந்த மேஜையில் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. குதிரையின் பின்னங்காலுக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்ற தகராறில் இரண்டு பேர் ஒன்பது வருஷம் முகம் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அது 1975. அடுத்த வருஷம் நாட்டுக்கு இருநூறு வயது என்று பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பினால் ஒரு பதக்கம் இலவசமாகத் தந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் பன்னிரண்டு பேரும் ஒற்றுமையாக, சூப்பில் ஈ கிடந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள்.

உறுப்பினராகக் காத்திருப்பவர்களையும் கூட்டத்துக்கு விடுவார்கள், சுவரோரம் ஒரு ஸ்டூலில். மனைவிமார்கள் அடுத்த அறையில். நாங்கள் சாண்ட்விச் கொண்டுபோக வேண்டும். புகை வெளியேற நடுக்கதவை ஒரு சாண் திறந்து வைப்பார்கள். அந்த ஒரு சாண் வழியாகத்தான் நான் எல்லாம் பார்த்தேன். அந்த அம்மாக்கள் என்னிடம் பேசமாட்டார்கள். நானும் பேசமாட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பெரிய வீட்டு மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. வாய் வராதவர்களுக்குக் காது நன்றாக வேலை செய்யும்.

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. பதக்கத்தை வெல்வெட் தட்டில் வைத்து மேஜையைச் சுற்றி வலமாக நகர்த்துவார்கள். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கலாம். ஒருவர் பார்க்கும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் தட்டு டட்டிலிடம் வரும். அவர் பழுப்பு மையில் ஒரு சின்ன வட்டச் சீட்டு எழுதுவார். இன்ன பதக்கம், இன்ன நிலை, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு. அந்தச் சீட்டு அதன்பிறகு பதக்கத்தின் அடியிலேயே கிடக்கும். பதக்கம் கைமாறினாலும் சீட்டும் கூடவே போகும். டட்டில் குடும்பத்துச் சீட்டு எழுதிவிட்டால் எழுதியதுதான். யாரும் அதை மாற்றி எழுதியதில்லை.

ஆர்மண்டுக்குப் பல் கட்டும் வேலை. டாக்டர் வென்டல் ஸ்ப்ரேக்கின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து செயற்கைப் பல்லும், பக்கத்துப் பல்லோடு இணைத்துக் கட்டும் பிரிட்ஜும் செய்வான். ஸ்ப்ரேக்கும் சங்க உறுப்பினர். பல் செய்வது என் புருஷன், அதை வாயில் பொருத்திப் பெயர் வாங்குவது அவர். அந்த மேஜையைச் சுற்றி யாராவது சிரித்தால் பாதிச் சிரிப்பு என் புருஷன் செய்தது. டட்டிலின் மேல்வரிசையில் இடதுபக்கம் மூன்று பல் அவன் வேலை.

எங்கள் பதக்கம் செயின்ட் ஆன் சர்ச்சில் பழைய சாமான் விற்பனையன்று கிடைத்தது. ஒரு டப்பா பொத்தான் ஐம்பது சென்ட். பொத்தானுக்காகத்தான் வாங்கினேன். வீட்டில் கொட்டியபோது வெள்ளி வில்லை ஒன்று உருண்டது. தலைப்பக்கம் ஒரு ஓட்டை, ஓட்டையில் முடிச்சிட்ட கறுப்பு ரிப்பன் துண்டு. ஆர்மண்ட் அதைக் கையில் எடுத்தான், பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒடில், இது என்னன்னு தெரியுமா?"

"பொத்தான் இல்லன்னு தெரியுது."

முதல் ஜனாதிபதி வாஷிங்டன் செத்த அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் ஒரு துக்க ஊர்வலம் நடந்ததாம். பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண்கள் வெள்ளை உடுத்தி, இந்தப் பதக்கத்தைக் கறுப்பு ரிப்பனில் கழுத்தில் மாட்டிக்கொண்டு பனியில் நடந்தார்களாம். ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் ஒரு கலசம், சுற்றிலும் மணி மணியாக ஒரு வரிசை. ஒன்பதுதான் இதுவரை கண்ணில் பட்டிருக்கின்றன, ஒன்பதிலும் ஓட்டை, இது பத்தாவது என்றான். எனக்கு அந்தப் பெண்ணுக்குக் கால் விறைத்திருக்குமே என்றுதான் தோன்றியது. ரிப்பனைக் கழற்றி என் தையல் பெட்டியில் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் அதைக் கொண்டுபோனான். கழுத்துப்பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு போனான். தட்டு சுற்றத் தொடங்கியது. மூன்றாவதாக ஸ்ப்ரேக்கிடம் வந்தது. அவர் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓட்டை," என்றார். தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு ஸ்டூல் பக்கம் திரும்பி, "ஆர்மண்ட், உன்கிட்ட ஒரு நாய் இருக்குல்ல? அதோட பட்டையில மாட்டிவிடேன்ப்பா. ஓட்டை ரெடியா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னேனே, பாதிச் சிரிப்பு அவன் செய்தது.

டட்டில் சீட்டு எழுதவில்லை. இத்தனைக்கும் டட்டிலிடமும் இதே துக்கப் பதக்கம் ஒன்று இருந்தது, அதிலும் ஓட்டை இருந்தது. ஆனால் அது அவர் தாத்தா வாங்கியது. அதன் சீட்டில் "அக்காலத்துத் துளை" என்று எழுதியிருந்தது. அவர்கள் வீட்டு ஓட்டை சரித்திரம், எங்கள் வீட்டு ஓட்டை வெறும் ஓட்டை.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் பன்னிரண்டு பேரில் ஒரு கிழட்டுக் கேப்டன் செத்தார். நாற்காலி காலியானது. அந்த வாரம் என் ஞானஸ்நானக் கரண்டி காணாமல் போனது. என் பாட்டியின் பாட்டி கியூபெக்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளி. தேடி, கடைசியில் ஆர்மண்டின் மேஜையில் கண்டேன். காம்பு நுனி இல்லை.

"பழைய வெள்ளி வேணும் ஒடில். புது வெள்ளி நிறம் காட்டிக்குடுத்துடும்."

"எதுக்கு?"

"அடைக்கத்தான்."

"கழுத்துல மாட்டத்தானே ஓட்டை போட்டான் அதச் செஞ்ச ஆளு? ஓட்டைய அடைச்சா அது என்ன பதக்கம்?"

"உனக்குப் புரியாது. ரிப்பேர்தானே பண்றேன்? பல்லு விழுந்தா கட்டறதில்லையா? யாராவது கேட்டா அடைச்சதுன்னு சொல்லிடறேன்."

"கேக்கலேன்னா?"

அவன் குனிந்து வேலையைப் பார்த்தான்.

வேலையைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். சூடு காட்டிப் பற்றவைத்தால் நிறம் போய்விடும் என்று, ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக ஆப்பு மாதிரி வெள்ளியைச் செதுக்கினான். முன்பக்கத்திலிருந்து இறுக்கி, ஓரத்தைத் தேய்த்தே மூடினான். ஓட்டையில் அறுந்துபோயிருந்த மணி வரிசையைப் பல் செதுக்கும் ஊசிமுனைகளால் தொடர்ந்து வெட்டினான். ஐந்து மணி. மூன்றாவது மணிக்கு மட்டும் இரண்டு ஞாயிறு ஆனது. பளபளப்பைக் கொல்ல, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோடு பதக்கத்தை ஜாடியில் அடைத்து வைத்தான். மூன்று நாள் வீடு முழுக்க அந்த வாடை. எங்கள் நாய் கனெல் ஜாடியை விட்டு நகரவில்லை.

ஏப்ரல் கூட்டத்தில் தட்டு மறுபடி சுற்றியது. இந்தமுறை ஸ்ப்ரேக் தூக்கினார். அடுத்தவரிடம் தள்ளவில்லை, லென்ஸை எடுத்தார். அவருக்கு அடுத்தவர் நாற்காலியை விட்டே எழுந்தார். தட்டு டட்டிலிடம் போய்ச் சேர இருபது நிமிஷம். பேசக் கூடாது என்பதால் மூச்சு மட்டும் கேட்டது.

டட்டில் தலை நிமிர்ந்தார். "திபோ, இது... போன வருஷம் நீங்க கொண்டுவந்தது இல்லையே?"

எங்கள் குடும்பப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆர்மண்ட் வாயைத் திறந்தான். அதற்குள் ஸ்ப்ரேக் முந்திக்கொண்டார்.

"அதெப்படி இருக்கும்? அது ஓட்டை. நான்தானே பாத்தேன்."

ஆர்மண்ட் திறந்த வாயை மூடிக்கொண்டான். கதவிடுக்கு வழியாக அவன் பின்கழுத்து சிவப்பதைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லையே. கேட்டால் சொல்வதாகத்தானே ஒப்பந்தம்.

டட்டில் பேனாவை எடுத்தார். சீட்டு எழுதி உரக்கப் படித்தார்: "பெல்ஃபோர்ட் துக்கப் பதக்கம். துளையிடப்படாதது. அறியப்பட்ட ஒரே பிரதி. ஏ. திபோ வசம்." யாரோ கை தட்டினார்கள். அந்த வீட்டில் கைதட்டல் கேட்டதும் அதுவே முதல் தடவை. பக்கத்தில் இருந்த ஸ்ப்ரேக்கின் மனைவி என் பக்கம் சாண்ட்விச் தட்டை நகர்த்தி, "எடுத்துக்கோம்மா," என்றாள். நான் கொண்டுவந்த சாண்ட்விச்தான் அது.

காரில் திரும்பும்போது அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினான்.

"அடுத்த மாசம் தேர்தல். ஒருத்தர்கூட எதிர்க்கமாட்டாங்களாம். டட்டில் இதப்பத்திக் கட்டுரை படிக்கப்போறார். அச்சுக்கே போயாச்சு."

"சந்தோஷமா?"

"நாலு வருஷம் ஒடில்."

"அதைக் கேக்கல."

"பதினோரு பேர். லென்ஸ் வெச்சிக்கிட்டு. ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கல," என்றான். அதைச் சொன்னபோது அவன் குரலில் சந்தோஷம் இல்லை, வேறு ஏதோ இருந்தது. என்னவென்று மே மாதம்தான் புரிந்தது.

தேர்தல் நாளன்று மனைவிமார்களையும் உள்ளே விடுவது வழக்கம். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தோம். காலி நாற்காலியின் முன்னால் ஆர்மண்டின் பெயர் எழுதிய அட்டைகூட வைத்திருந்தார்கள். டட்டில் எழுந்து கட்டுரை படித்தார். முக்கால் மணி நேரம். இந்தப் பதக்கம் ஊர்வலத்துக்குப் போகவே இல்லை, செதுக்கியவன் தனக்கென்று துளையிடாமல் வைத்துக்கொண்டது என்றார். அந்த ஆளின் மனசில் ஓடியதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டவர் மாதிரி சொன்னார். பிறகு தட்டைக் கையில் ஏந்தினார்.

"கலசத்துக்கு மேல இந்த மணி வரிசையப் பாருங்க. மத்த பிரதிகள்ல ஓட்டை இதைத் தின்னுடுச்சு. இங்கதான் அந்தக் கலைஞனோட கை முழுசா தெரியுது. முக்கியமா மூணாவது மணி. இன்னிக்கு இருக்கற எந்தக் கையாலயும் இப்படி ஒண்ணு வெட்ட முடியாது."

"நான்தான் வெட்டினேன்," என்றான் ஆர்மண்ட்.

நேர்மையால் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. நேர்மை என்றால் ஏப்ரலிலேயே வந்திருக்கவேண்டும். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து வெட்டியதை இன்னொருவன் கணக்கில் எழுதுவதை அவனால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"என்னப்பா?" என்றார் ஸ்ப்ரேக்.

"அந்த மணி. அஞ்சும். இது போன வருஷத்துப் பதக்கம்தான் டாக்டர். ஓட்டைய அடைச்சேன்."

ஸ்ப்ரேக் சிரித்தார். "ஆர்மண்ட், நீ கடைவாய்ப்பல் செய்யற ஆளு. கொஞ்சம் தண்ணி குடி."

டட்டில் சிரிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "திபோ, உங்ககிட்ட என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியல. பதட்டம், புரியுது. சீட்டு எழுதியாச்சு. உக்காருங்க."

'எந்தக் கையாலும் முடியாது' என்று சொன்ன அந்த வாயில் மூன்று பல் அந்தக் கையினுடையது.

ஆர்மண்ட் உட்காரவில்லை. மேஜைக்குப் போய்ப் பதக்கத்தை எடுத்தான், ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தான். மேஜையில் கிடந்த இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே அதைக் குப்புறப் பாலமாக வைத்தான். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், பல் அச்சுக்கு மெழுகு செதுக்கும் இரும்பின் மொட்டை முனையைப் பின்பக்கம் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். டிக் என்று ஒரு சத்தம். மேஜையில் ஒரு பருப்பளவு வெள்ளி விழுந்தது.

"அடப்பாவி, ஓட்டை போட்டுட்டான்," என்றார் ஸ்ப்ரேக்.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். போலீஸைக் கூப்பிடு என்றார் இன்னொருவர். சொந்தச் சாமானில் ஓட்டை போட்டவனைப் போலீஸ் என்ன செய்யும் என்று யோசிக்கும் நிலையில் யாரும் இல்லை.

"தலைவரே, ஓட்டையோட உள்பக்கம் பாருங்க," என்றான் ஆர்மண்ட். "ரிப்பன் உரசி வழவழன்னு இருக்கு. இப்பப் போட்ட ஓட்டை அப்படி இருக்குமா? நீங்களே பாருங்க."

டட்டில் லென்ஸை எடுத்தார். பதக்கத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே பதக்கம் பார்க்கத் தெரியும், அதை நான் மறுக்கமாட்டேன். நெடுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. காதுமடல் வெளுத்தது. பிறகு கண் மேஜைமேல் இருந்த கட்டுரைப் பக்கங்களுக்குப் போனது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

லென்ஸைக் கீழே வைத்தார்.

"புது ஓட்டை," என்றார். "செயலாளர் குறிச்சிக்கங்க. உரிமையாளரால் பாழாக்கப்பட்டது."

ஆர்மண்ட் தன் பெயர் அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை. பதக்கத்தையும் எடுத்துக்கொண்டான். அந்த வெள்ளித் துண்டை எடுக்கக் கை நீட்டினான், டட்டில் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினார்.

நான் எழுந்தேன். "மிஸ்டர் டட்டில், அது என் கரண்டி. குடுத்துடுங்க."

அந்த வீட்டில் நான் பேசியது அது ஒன்றுதான். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். தட்டு கழுவும் மிஷின் பேசினால் அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு ஒரு சின்னக் கவரை எடுத்தார், என் கரண்டியின் நுனியை அதற்குள் போட்டார், பழுப்பு மையில் ஒரு வட்டச் சீட்டு எழுதினார். நிதானமாகத்தான் எழுதினார். "துளையற்ற பிரதியின் எஞ்சிய பகுதி." இன்றைக்கும் அது அவர்கள் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்க பாஸ்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம்.

அச்சான கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பு மட்டும் சேர்த்திருந்தார்கள், சங்கத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று. காலி நாற்காலிக்கு ஒரு வங்கி மேனேஜரைப் பிடித்தார்கள்.

ஸ்ப்ரேக் ஆர்மண்டை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் பல் செய்யவேண்டியிருக்கும். ஆகஸ்டில் டட்டில் சோளம் கடித்து பிரிட்ஜ் உடைந்து வந்தது. ஆர்மண்ட் அதைச் சமையலறை மேஜைக்கே கொண்டுவந்து இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தான். எங்கே உடைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அந்த ஆளுக்குப் போயி இவ்வளவு சுத்தமாப் பண்ணுவாங்களா? நானா இருந்தா நடுவுல ஒரு ஓட்டை விட்டிருப்பேன்," என்றேன்.

"வேலைன்னா தெரியக் கூடாது ஒடில்." பிரிட்ஜைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தான். "உன் தையல் பெட்டில அந்த ரிப்பன் இருக்கா?"

பழைய ரிப்பன் தொட்டாலே உதிர்ந்தது. கறுப்பு ரிப்பன் ஒரு கஜம் புதிதாக வாங்கினேன். அன்று சாயங்காலம் அவன் பதக்கத்தை அதில் கோத்து கனெலின் பட்டையில் கட்டினான். டாக்டர் சொன்னது சரிதான், ஓட்டை பொருத்தமாகத்தான் இருந்தது. தினமும் ஐந்தரைக்கு மூவரும் நடக்கிறோம். டட்டில் வீட்டு வேலிப் பக்கம் வந்ததும் கனெல் எப்போதும் ஒரே கம்பத்தில் காலைத் தூக்கும். பதக்கம் பட்டையில் மோதிக் கிணுங்கும். சாப்பாட்டு அறை ஜன்னலில் திரைச்சீலை கொஞ்சம் விலகும். அவர் லென்ஸோடு நிற்கிறாரா என்று இந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.